குயின்ஸ்லாந்தை வெட்டிவிடச் சொல்லும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும், தொழிற்கட்சிக்கு வாக்களித்த தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். 2019 மே 18 சனிக்கிழமை, ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தலில் நாம் தோற்ற இரவு, தோல்விக்குக் குயின்ஸ்லாந்து மாநிலம்தான் காரணம் என்று நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்தவை உங்களுக்கு நினைவிருக்கும். ‘இந்தக் குயின்ஸ்லாந்துக்காரரை வெட்டிவிட்டால்தான் நாடு உருப்படும்.’ ‘கரி கிண்டுகிற சனத்துக்கு இதைவிட வேறு என்ன தெரியும்?’ பிரெக்சிட் போல ‘குவெக்சிட்’ என்று ஒரு சொல்லை உருவாக்கி ட்விட்டரில் ஓடவிட்டார்கள்; நம்மவர்களும் அதைச் சந்தோஷமாக எடுத்துப் பரப்பினார்கள். ஓர் இரவுக் கோபம் என்றால் விட்டுவிடலாம். வாரங்கள் ஓடிவிட்டன, 2019 ஜூன் வந்துவிட்டது, இன்னும் கோவில் வீதியிலும் பிறந்தநாள் விருந்திலும் அதே கதைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை எதிர்க்கட்சி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்தல் அன்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேற்கு சிட்னியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று, எப்படி வாக்களிப்பது என்ற துண்டுப்பிரசுரத்தை வருகிறவர்களிடம் நீட்டிக்கொண்டிருந்தவன் நான். வெல்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். நினைக்காமல் எப்படி? நியூஸ்போல் கருத்துக்கணிப்பில் ஐம்பது தடவைக்கும் மேலாகத் தொடர்ந்து, ஆட்சியிலிருந்த லிபரல்–நேஷனல் கூட்டணி பின்தங்கியிருந்தது. கடைசிக் கணிப்பு 51.5க்கு 48.5 என்று தொழிற்கட்சியின் பக்கம். அன்று பின்னேரம் தொலைக்காட்சியில் சொன்ன கணிப்பு இன்னும் ஒரு படி மேலே போய் 52 என்றது. ஸ்போர்ட்ஸ்பெட் என்ற பந்தய நிறுவனம் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னரே தொழிற்கட்சிமேல் பணம் கட்டியவர்களுக்குப் பரிசை எடுத்துக் கொடுத்துவிட்டது. முடிவு வந்தபோது எண்கள் அதேதான், கட்சிகள்தான் இடம் மாறியிருந்தன: கூட்டணி 51.5, நாங்கள் 48.5. பிரதமர் ஸ்கொட் மொரிசன் மேடையேறித் தான் எப்போதும் அற்புதங்களை நம்புகிறவன் என்றார். எங்கள் தலைவர் பில் ஷோர்ட்டன் தலைமையை விட்டுவிட்டார். கருத்துக்கணிப்புக் கம்பனிகள் எப்படிக் கோட்டை விட்டன என்பதை அவர்களே ஆராயட்டும். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

என் அக்கறை நீங்கள் சொல்லும் அந்தக் கணக்கில்தான். கணக்கு பிழையில்லை, ஒப்புக்கொள்கிறேன். 151 தொகுதிகளில் கூட்டணிக்கு 77, நமக்கு 68. குயின்ஸ்லாந்தின் முப்பதில் அவர்கள் 23ஐ அள்ளிக்கொண்டார்கள், நமக்கு ஆறுதான். அந்த மாநிலத்தை எடுத்துவிட்டால் மீதி 121இல் நமக்கு 62, ஆட்சி நம்முடையது. அதே கத்தியை அவர்கள் கையில் கொடுத்தால்? விக்டோரியாவை வெட்டச் சொல்வார்கள். அங்கே 38இல் 21 நம்முடையவை. அதைத் தூக்கிவிட்டால் கூட்டணிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் 16இல் 11 லிபரல்களுக்கு, அதையும் வெட்டுவோமா? நமக்குப் பிடித்த முடிவைத் தருகிற மாநிலங்களை மட்டும் வைத்துக்கொண்டு நாடு நடத்த முடியாது.

இன்னொன்று. முந்தைய தேர்தலில் குயின்ஸ்லாந்தில் கூட்டணிக்கு 21 இருந்தது, இப்போது 23. நம்மிடமிருந்து போனவை இரண்டு: டவுன்ஸ்வில் நகரை மையமாகக் கொண்ட ஹேர்பேர்ட், பிரிஸ்பேனுக்கு வடக்கே லோங்மன். டாஸ்மேனியாவிலும் அதேபோல் இரண்டு போயின, பாஸும் பிராடனும். டாஸ்மேனியாவைக் கடலில் தள்ளச் சொல்லி ஒருவரும் எழுதக் காணோம். நம் சிட்னியிலேயே பென்ரித்தைச் சுற்றிய லின்ட்சே தொகுதி போனது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் வீடு இருக்கிறது! மெல்பேர்ணில் கட்டாயம் நம் கையில் விழும் என்று எதிர்பார்த்த சிஸம் தொகுதி விழவில்லை. குயின்ஸ்லாந்தில் நாம் தோற்றது உண்மை. வாக்குச்சீட்டில் 1 என்று இடும் முதல் விருப்பு வாக்கு நூறு பேரில் 27 பேரிடம்கூடக் கிடைக்கவில்லை என்றால் அது படுதோல்வி. ஆனால் அங்கு மட்டும் தோற்றோம் என்பது நம் மனதை ஆற்றிக்கொள்ள நாமே சொல்லிக்கொள்ளும் கதை.

‘அந்தச் சனம் எப்போதும் அப்படித்தான்’ என்று எழுதிய நண்பருக்கு இது. தொழிற்கட்சி தன் பிறப்பிடங்களில் ஒன்றாகக் கொண்டாடும் மரம் எங்கே நின்றது தெரியுமா? குயின்ஸ்லாந்தின் உள்நாட்டில், பார்கால்டின் என்ற சிற்றூரில். 1891இல் ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த மரத்தடியில்தான் கூடினார்கள். உலகத்தின் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்ததும் குயின்ஸ்லாந்தில்தான், 1899 டிசம்பரில். ஒரு வாரம்தான் நின்றது, அது வேறு கதை. அதற்குத் தலைமை தாங்கிய அண்டர்சன் டோசனின் பெயரைத்தான் மக்கேயைச் சேர்ந்த டோசன் தொகுதிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுதியில் இந்த முறை நூற்றுக்குப் பதினொரு பேர் நம்மை விட்டு அந்தப் பக்கம் போனார்கள். 1910இல் கட்சிக்கு முதல் தடவையாக நாடாளுமன்றப் பெரும்பான்மை வாங்கிக் கொடுத்த அண்ட்ரூ ஃபிஷர் குயின்ஸ்லாந்தின் வைட் பே தொகுதிக்காரர். பழங்கதை வேண்டாம் என்றால், 2007இல் கெவின் ரட் வென்றபோது அந்த மாநிலத்தின் 29 தொகுதிகளில் 15 நமக்கு வந்தன. இந்தத் தேர்தல் நடந்த 2019இலும் அங்கே மாநில ஆட்சி தொழிற்கட்சியுடையதாகத்தான் இருந்தது. அனஸ்தாசியா பலஷேயை 2015இலும் 2017இலும் தெரிவுசெய்தது இதே சனம்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவர்களுடைய மூளை கழன்று விழுந்துவிட்டதா, அல்லது நாங்கள் அவர்களிடம் போய்ச் சொன்னதில் ஏதும் கோளாறா?

கோளாறு, இந்தியாவின் அடானி கம்பனி குயின்ஸ்லாந்தில் தோண்ட முனைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் பச்சையாகத் தெரிந்தது. கலிலி படுகையில் அந்தச் சுரங்கம் வரக்கூடாது என்பதுதான் என் எண்ணமும். பவளப்பாறைகள் வெளுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புதிதாக ஒரு பெரும் நிலக்கரிக் குழியைத் தோண்டுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனால் கட்சி என்ன செய்தது? மெல்பேர்ணில் இடைத்தேர்தல் என்றால் சுரங்கத்தில் சந்தேகம் என்று ஒரு முகம், டவுன்ஸ்வில்லுக்குப் போனால் வேலைவாய்ப்பு என்று இன்னொரு முகம். வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நம்பவில்லை. அதற்கு நடுவில் பசுமைக் கட்சியின் முன்னாள் தலைவர் பொப் பிரவுன், சுரங்கத்தை எதிர்த்து ஹோபார்ட்டிலிருந்து ஒரு வாகன ஊர்வலத்தைக் கிளப்பி, ஏப்ரல் கடைசியில் கிளேர்மொன்ட் என்ற சுரங்க ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். மொரிசனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

சுரங்கப் பக்கத்தில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் படித்து இங்கே வந்து என்ஜினியராகி மத்திய குயின்ஸ்லாந்தில் குடும்பத்தோடு இருப்பவர், தேர்தலுக்குப் பிறகு தொலைபேசியில் சொன்னது இது: “அண்ணை, எனக்கு அடானியில ஒரு பாசமும் இல்லை. ஆனா உங்கட ஆக்கள் கார் பிடிச்சு வந்து, நீ செய்யிற வேலை பாவம் எண்டு சொல்லினம். சரி, பாவம்தான். நாளைக்கு எனக்கு என்ன வேலை எண்டு கேட்டா ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. மற்றப் பக்கம் பொய்யோ மெய்யோ, வேலை தாறம் எண்டு சொல்லுறாங்கள்.” அவர் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இதே குரல் குயின்ஸ்லாந்து எல்லையோடு நின்றுவிடவும் இல்லை. நம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹண்டர் பள்ளத்தாக்கு நிலக்கரி ஊர்களின் தொகுதி தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சியுடையது. எங்கள் உறுப்பினர் ஜோல் ஃபிட்ஸ்கிபன் அங்கே தப்பிப் பிழைத்தார், அவ்வளவுதான். வலதுசாரி வன் நேஷன் கட்சியின் வேட்பாளர் ஐந்தில் ஒரு வாக்குக்கு மேல் கொண்டுபோனார். சிட்னியிலிருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டம்.

தனிக் கட்சி நடத்தும் சுரங்கக் கோடீஸ்வரர் கிளைவ் பாமரின் மஞ்சள் விளம்பரப் பலகைகளைப் பற்றியும் நிறையக் கதைக்கிறீர்கள். மனிதர் கோடிக்கணக்கில் கொட்டினார். ஒரு தொகுதிகூட வெல்லவில்லை, ஆனால் ஷோர்ட்டனை நாறடித்துவிட்டார். டவுன்ஸ்வில்லுக்குப் பக்கத்தில் அவருடைய நிக்கல் ஆலை 2016இல் மூடப்பட்டபோது நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த ஊரிலேயே அவருடைய கட்சிக்கு வாக்கு விழுந்திருக்கிறது என்றால், ‘முட்டாள்கள்’ என்று முடித்துவிடுவது சுலபம். மற்றவர்கள்மேல் அவர்களுக்கு எவ்வளவு வெறுப்பு இருந்திருக்க வேண்டும் என்று யோசிப்பது கொஞ்சம் சிரமம்.

சரி, நம் தெருவுக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அன்று பள்ளிக்கூட வாசலில் வழக்கமான திருவிழா. ஒரு பக்கம் சொசேஜ் கருகுகிற மணம். நம் சைவக்காரர்கள் வறுத்த வெங்காயத்தை மட்டும் பாணில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். என் கையில் இருந்த தாளை வாங்கிய ஒரு வயதான அம்மா, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, நாங்கள் செத்துப் போனா பிள்ளையளுக்கு விடுற வீட்டுக்கும் உங்கட கட்சி வரி போடுமாமே?” அப்படி ஒரு கொள்கையே கட்சிக்கு இல்லை, ஃபேஸ்புக்கில் கிளப்பிய பொய் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஏன் நம்பவேண்டும்? பங்குகளில் பணம் போட்ட ஓய்வுபெற்றவர்களுக்கு, கம்பனி ஏற்கெனவே கட்டிய வரிக்காகத் திரும்பிவரும் பிராங்கிங் கிரெடிட் காசை நிறுத்தப் போகிறோம் என்று நாங்களே சொன்னோம். முதலீட்டு வீட்டின் நட்டத்தை வருமானத்தில் கழித்து வரியைக் குறைக்கும் நெகட்டிவ் கியரிங் சலுகை அடுத்த ஜனவரியிலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மட்டும்தான் என்று நாங்களே சொன்னோம். அப்படியான வீட்டை விற்கும்போது கிடைக்கும் மூலதன ஆதாய வரிக் கழிவைப் பாதியாக்குவோம் என்றும் நாங்களே சொன்னோம். அரச ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்குப் பிராங்கிங் விஷயத்தில் விலக்கு உண்டு, ஏற்கெனவே வைத்திருக்கும் முதலீட்டு வீட்டுக்குப் பாதிப்பு இல்லை என்பதெல்லாம் மூன்றாம் வரியில்தான் வந்தது. வாசலில் நிற்கிற ஆளுக்கு மூன்றாம் வரி வரைக்கும் யாரும் நேரம் தருவதில்லை. இத்தனை வரி உண்மையென்றால் செத்த வீட்டு வரியும் உண்மையாய்த்தான் இருக்கும் என்று அந்த அம்மா நினைத்ததில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, பிராங்கிங் மாற்றம் பிடிக்காதவர்கள் எங்களுக்கு எதிராக வாக்களிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்று எங்கள் நிதிப் பேச்சாளர் கிறிஸ் போவன் ஜனவரியிலேயே அழைப்பு வைத்திருந்தார். அழைத்தார், வந்தார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை. அந்தச் சலுகைகளால் அதிகம் லாபம் அடைகிற வசதியான உள்நகரத் தொகுதிகள் பலவற்றில் வாக்கு நம் பக்கம் சாய்ந்தது. வரித் திட்டத்தால் ஒரு சதமும் இழக்கப் போகாத எத்தனையோ புறநகர்களில் நம்மைவிட்டுப் போனது. இதற்குக் குயின்ஸ்லாந்து என்ன செய்யும்?

நம் சமூகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோமே. விருந்துக்கு விருந்து தொழிற்கட்சிக் கதை கதைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் பென்சிலை எடுத்ததும் இரண்டாவது வீட்டை நினைத்துக்கொண்டவர்கள் நம்மில் இல்லையா? யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. வாக்கு இரகசியம்தான், ஆனால் அக்கவுண்டன்டிடம் மார்ச் மாதமே போய் ‘இப்போதே ஒரு வீடு வாங்கிப் போடுவமா’ என்று கேட்டது இரகசியம் இல்லை. மக்கேயில் ஒருவன் தன் வேலையை நினைத்து வாக்களித்தால் அது முட்டாள்தனம், நம்மவர் தன் வீட்டுக்கடனை நினைத்து வாக்களித்தால் அது குடும்பப் பொறுப்பு. இந்தத் தராசு எனக்குப் பிடிபடவில்லை.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயம். பிலோயிலா.

உங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஊர்ப்பெயர். கிளாட்ஸ்டனிலிருந்து உள்ளே போனால் வரும் சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கம், மின்நிலையம், இறைச்சித் தொழிற்சாலை. நீங்கள் கிண்டலடிக்கும் குயின்ஸ்லாந்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெற்றோர் படகில் வந்து சேர்ந்த நம் தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கே வாழ்ந்தது. தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பெண் பிள்ளைகள் இரண்டும் இந்த நாட்டிலேயே பிறந்தவை. 2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலை எல்லைப் படையினர் வந்து கதவைத் தட்டி, கைக்குழந்தையோடு நால்வரையும் கொண்டுபோய் மெல்பேர்ண் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். இதை எழுதும் 2019 ஜூனிலும் அங்கேதான். தேர்தல் நடந்த அதே வாரம் உயர் நீதிமன்றமும் நாடுகடத்தலை எதிர்த்த அவர்களுடைய மனுவை எடுக்க மறுத்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்காக முதலில் எழுந்து நின்றது யார்? நம் சங்கங்களா? இல்லை. அந்த ஊர்ச் சனம். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்தவர்கள், தெருவில் கண்டு பழகியவர்கள். ‘இவர்கள் எங்கள் ஊர்க்காரர், வீட்டுக்குத் திருப்பி அனுப்பு’ என்று மனு எழுதினார்கள். அதில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நம் பெயர்களை உச்சரிக்கக் கஷ்டப்படும் நாக்குகள் தொலைக்காட்சியில் அந்தக் குழந்தைகளின் பெயர்களைத் திருத்தமாகச் சொன்னதை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

அந்த ஊர் எந்தத் தொகுதியில் இருக்கிறது? ஃபிளின். 2016இல் கூட்டணிக்கு அங்கே 51 வீதம்தான், மயிரிழையில் தப்பினார்கள். இந்த முறை 58ஐத் தாண்டிவிட்டது. அதாவது, நம் குடும்பத்தைத் திருப்பிக் கேட்கிற ஊர் இருக்கும் அதே தொகுதிதான், அவர்களைப் பூட்டி வைத்திருக்கும் அரசுக்கு இன்னும் அதிகமாக வாக்களித்திருக்கிறது. இது எப்படி என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. இப்போது அவ்வளவு குழப்பம் இல்லை. வாக்குச்சீட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர் இல்லை. வேலை இருந்தது, கரி இருந்தது, வரி இருந்தது. அதோடு, அந்தக் குடும்பத்தை விடுவிப்போம் என்று எந்தப் பெரிய கட்சி தேர்தல் மேடையில் முழங்கியது? இனிமேல் படகில் வரும் எவரும் இங்கே குடியேற முடியாது என்று 2013 ஜூலையில் அறிவித்ததே நம் கட்சியின் பிரதமர்தான். படகுகளைத் திருப்பி அனுப்புவதிலும் இரண்டு பக்கத்துக்கும் இன்று பெரிய பேதம் இல்லை. அந்த ஊரவர் நம் கட்சிக்கு வாக்களித்திருந்தால் கதவு திறந்திருக்குமா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் முடியாது.

அப்படிப்பட்ட சனத்தைப் பார்த்து ‘வெட்டிவிடு’ என்று தமிழில் எழுதி ஃபோர்வர்ட் செய்ய நமக்கு எப்படி மனம் வந்தது? மெல்பேர்ணில் இருந்துகொண்டு பிரிஸ்பேன் புறநகருக்குத் தொலைபேசி எடுத்து ‘பீற்றர் டட்டனுக்குப் போடாதே’ என்று பாடம் நடத்தியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். உள்துறை அமைச்சராக இருந்த டட்டன் முன்பைவிடக் கூடிய வித்தியாசத்தில் வென்றார். முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எடுத்து அறிவுரை சொன்னால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தோல்விக்கான காரணத்தைக் கட்சி ஆராயத்தான் போகிறது, அறிக்கையும் வரும். அந்தோனி அல்பனீசி தலைவராகிவிட்டார். மேற்கு சிட்னி, குயின்ஸ்லாந்து என்று சுற்றுகிறார், நல்லது. நம் விழாக்களுக்கு வந்து குத்துவிளக்கேற்றி, மாலை போட்டுக்கொண்டு ‘வணக்கம்’ சொல்லிவிட்டுப் போகும் நம் தொகுதி உறுப்பினர்களை அடுத்த தடவை கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். பிலோயிலா குடும்பத்தைப் பற்றி உங்கள் கட்சியின் நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். மேடையில் வேண்டாம் என்றால் தேநீர் குடிக்கும் இடத்திலாவது. பதில் வழவழ என்று வந்தால் அதையும் நம் குழுக்களில் எழுதுங்கள்; குயின்ஸ்லாந்தைத் திட்டும் நேரத்தில் பாதி போதும்.

அப்புறம், இதை எழுதும் 2019 ஜூனில் குடிவரவு அமைச்சராக இருக்கும் டேவிட் கோல்மன் நினைத்தால் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி இன்றைக்கே அந்தக் குடும்பத்தைப் பிலோயிலா வீட்டுக்கு அனுப்பலாம். அவருக்கு எழுதுங்கள். 2019இல் ஃபிளின் உறுப்பினராக இருக்கும் கென் ஓ’டௌடுக்கும் ஒரு பிரதி போடுங்கள். அவர் அந்தப் பக்கத்து ஆள்தான், ஆனால் கேட்பது அவருடைய தொகுதிச் சனம். பிலோயிலாவில் இயங்கும் குழுவோடும் தொடர்பு எடுங்கள், காசாகவோ கையெழுத்தாகவோ என்ன உதவி வேண்டுமென்று அவர்களே சொல்வார்கள். எழுதும்போது அச்சடித்த படிவத்தை அனுப்பாமல் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், உங்கள் முகவரியைப் போட மறக்காதீர்கள். முகவரி இல்லாத கடிதத்துக்கு அலுவலகத்தில் பதில் போடமாட்டார்கள்.

அன்புடன்,
மேற்கு சிட்னியிலிருந்து ஒரு தொழிற்கட்சி வாக்காளர்